கை மறக்காது, சரி. மற்றதெல்லாம்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 53 வயது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன், சாஃப்ட்வேர் வேலை. 2003-ல் பாலோ ஆல்டோ விமான நிலையத்தில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கி, 2007 கடைசி வரை செஸ்னா 172 என்ற நாலு சீட் சின்ன விமானத்தில் சுமார் 140 மணி நேரம் பறந்தேன். அப்புறம் இரண்டாவது குழந்தை, வீட்டுக் கடன், வேலை மாற்றம் என்று நின்றுபோனது. கடைசியாக மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான உடல்தகுதிச் சான்றிதழ், எடுத்தது 2005 செப்டம்பரில். இப்போது பெரியவள் காலேஜ் போய்விட்டாள். 18 வருஷத்துக்குப் பிறகு மறுபடி பறக்க ஆசை வந்திருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். என் லைசென்ஸ் இன்னும் செல்லுமா? மெடிக்கல் கிடைக்குமா? பழையபடி ஆக எவ்வளவு நாள் பிடிக்கும்? சைக்கிளும் நீச்சலும் மறக்காது என்பார்களே, இதுவும் அப்படித்தானா? மனைவி "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்கிறாள். நண்பர் ஒருவர் 1975 மாடல் 172-ல் கால் பங்கு தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வணக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.-வின் மெடிக்கல் விண்ணப்பத்தை இன்றைக்கே ஆன்லைனில் நிரப்பிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள். பணியாளர் விசாவில் வந்து எல்லாப் படிவத்தையும் முதல் நாளே நிரப்பிப் பழகிய நம் ஆட்கள்தான் இதில் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உங்கள் கடைசி மெடிக்கல் தேர்ட் கிளாஸ், பிரைவேட் பைலட்டுகள் எடுக்கும் வகை. 2005 செப்டம்பரில் உங்களுக்கு 33 வயது. அன்றைய விதிப்படி 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அது 36 மாதம் செல்லும். ஆக, குறைந்தது 2008 செப்டம்பர் வரை உங்களிடம் செல்லுபடியாகும் மெடிக்கல் இருந்திருக்கிறது. இந்தத் தேதி உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். 2017 மே மாதம் பேசிக்மெட் என்று ஒரு வழி வந்தது. 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒரு நாளாவது செல்லுபடியாகும் மெடிக்கல் வைத்திருந்தவர்கள், எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த விமான மருத்துவரிடம் மறுபடி போகாமலே, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் பரிசோதனை செய்துகொண்டு பறக்கலாம். டிரைவிங் லைசென்ஸ் இருக்க வேண்டும். டாக்டர் பரிசோதனை 48 மாதத்துக்கு ஒரு முறை, ஆன்லைன் வகுப்பு 24 மாதத்துக்கு ஒரு முறை. 18,000 அடிக்குக் கீழே, 250 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்குள், கூலிக்கு இல்லாமல் பறக்க வேண்டும். உங்களுக்கு இந்த எல்லைகள் எதுவும் இடிக்காது.

இடிக்கக்கூடியது ஒன்றுதான். கடைசியாகப் போட்ட மெடிக்கல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் பேசிக்மெட் கிடையாது. உங்களுடையது நிராகரிக்கப்படவில்லை, தானாகக் காலாவதி ஆனது. இப்போது நீங்கள் மெட்எக்ஸ்பிரஸ் என்ற எஃப்.ஏ.ஏ. தளத்தில் புதிதாக விண்ணப்பம் போட்டு, அந்த விண்ணப்ப எண்ணை விமான மருத்துவரிடம் கொடுத்து, அவர் அதைத் தன் கணினியில் திறந்துவிட்டால் விண்ணப்பம் அதிகாரபூர்வமாகிவிடும். அப்புறம் நடுவில் எழுந்து வர முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவருக்கு வழக்கமான மெடிக்கல் நேரடியாகக் கிடைக்காது. ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ் என்ற தனி வழியில், ரத்தப் பரிசோதனைக் காகிதங்களோடு போக வேண்டும். பலருக்கு அது கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் மறுக்கப்பட்டால், திறந்திருந்த மற்ற கதவுகளும் சேர்ந்து மூடிக்கொள்ளும். தேவையில்லாமல் அந்தப் பரீட்சைக்கு ஏன் உட்கார வேண்டும்?

பேசிக்மெட்டில் சர்க்கரை தனித் தடை இல்லை. மாரடைப்பு, வால்வு மாற்றம், வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், சில மனநல நோய்கள், போதைப் பழக்கம் போன்றவை இருந்தால்தான் முதலில் ஒரு முறை ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ் வாங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்து எழுதாமல் விட்டிருந்தால், அதற்குத் தனியாக ஒரு விமான மருத்துவரிடம் ஆலோசனை மட்டும் கேளுங்கள். விண்ணப்ப எண்ணைக் கொடுக்காமல் பேசலாம்.

உங்கள் குடும்ப டாக்டர் பேசிக்மெட் படிவத்தைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். கடைசிப் பக்கத்தில், பத்திரமாக விமானம் ஓட்டத் தடையாக இருக்கும் நோய் எதுவும் தன் கண்ணில் படவில்லை என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். விமானம் என்ற சொல்லைப் பார்த்ததும் சில டாக்டர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். படிவத்தை முன்கூட்டியே அனுப்பி, கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுவிட்டு அப்பாயிண்ட்மென்ட் வாங்குங்கள். மாட்டேன் என்றால் வேறு டாக்டர்.

கையெழுத்துக் கிடைத்துவிட்டது என்பதற்காகச் சர்க்கரையை மறந்துவிடவும் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. நாளைக்கு டாக்டர் அதோடு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைச் சேர்த்தால் கதை வேறு. அந்த நாளிலிருந்து பறப்பதை நிறுத்தி டாக்டரிடம் பேசுங்கள். உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் பறக்கக் கூடாது என்பது எந்த மெடிக்கல் வைத்திருப்பவருக்கும் உள்ள விதி. சளிக்கு வீட்டில் சாதாரணமாக விழுங்கும் பெனட்ரில் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்கிறது எஃப்.ஏ.ஏ. விபத்தில் இறந்த பைலட்டுகளின் உடலில் அதிகமாக அகப்படும், தூக்கக் கலக்கம் தரும் மருந்து அதுதான். இருமல் சிரப்பு, அலர்ஜி மாத்திரை டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால் அதே மருந்து வேறு வேறு பெயரில் இருக்கும்.

இன்னொரு வழியும் இப்போது இருக்கிறது. 2025 அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட் என்ற எளிய வகை லைசென்ஸின் விதிகள் தளர்ந்துவிட்டன. ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத் தகடு) இறக்காத நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்காமல் விமானம் விழத் தொடங்கும் வேகம், 59 நாட்டுக்குள் இருக்கும் விமானங்களை, வெறும் டிரைவிங் லைசென்ஸை மெடிக்கலாக வைத்துக்கொண்டு, பகலில், ஒரே ஒரு பயணியோடு ஓட்டலாம். நீங்கள் ஓட்டிப் பழகிய 172-ம் அதில் அடங்கும். பிரைவேட் லைசென்ஸ் உள்ளவரும் இந்தச் சலுகையைப் பயன்படுத்தலாம். ஆனாலும் உங்களுக்கு நான் பேசிக்மெட்டைத்தான் சொல்வேன். 53 வயதில், சர்க்கரையோடு, ஒரு டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்க்காமல் பறக்கத் தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு.

லைசென்ஸ் விஷயம் சுலபம். அமெரிக்க பைலட் லைசென்ஸுக்குக் காலாவதி கிடையாது. உங்களுடையது காகிதத்தில் அச்சிட்டதாக இருந்தால் அது 2010 மார்ச் 31-க்குப் பிறகு செல்லாது. 2 டாலர் கட்டி எஃப்.ஏ.ஏ. தளத்தில் பிளாஸ்டிக் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2007-க்குப் பிறகு வீடு மாறியிருப்பீர்கள். புது முகவரியை 30 நாளுக்குள் தெரிவிக்காமல் லைசென்ஸைப் பயன்படுத்தக் கூடாது, அதையும் அங்கேயே முடித்துவிடலாம்.

அடுத்தது ஃப்ளைட் ரிவ்யூ. 24 மாதத்துக்கு ஒரு முறை இன்ஸ்ட்ரக்டரோடு குறைந்தது 1 மணி நேரம் தரையிலும் 1 மணி நேரம் வானத்திலும் உட்கார்ந்து, அவரிடம் லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். இது பரீட்சை இல்லை. தேறாவிட்டால் ஃபெயில் என்று எங்கேயும் பதியமாட்டார்கள். பயிற்சி நேரமாக எழுதிவிட்டு, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பறக்காத ஒரு வருஷத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சி என்று இன்ஸ்ட்ரக்டர்கள் வாய்க்கணக்காகச் சொல்வோம். அது சற்றே மிகைதான். 140 மணி நேரம் பறந்தவருக்கு, வாரத்துக்கு இரண்டு முறை வந்தால், 10 முதல் 15 மணி நேரத்தில் நான் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்துவிடுவார். மாதத்துக்கு ஒரு முறை வருபவருக்குக் கணக்கே கிடையாது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. நம் வளைகுடாப் பகுதியில் 172 வாடகை எரிபொருளோடு மணிக்கு 200 டாலரை ஒட்டி வரும், இன்ஸ்ட்ரக்டர் சம்பளம் தனி. மொத்தம் 4,000 டாலர் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதியில் பணத்தைக் கணக்குப் பார்த்து இழுத்தடிப்பதுதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். பாதி சரி. முதல் நாள் விமானத்தை நேராக, மட்டமாக, திருப்பி, ஏற்றி இறக்கிப் பார்க்கும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது மணி நேரத்திலேயே கைக்குப் பழைய பக்குவம் வந்துவிடும். அதுவரைக்கும் சைக்கிள்தான். ஆனால் சைக்கிளில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரோடு பேச வேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முன்னால் போகும் விமானம் எங்கே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் தலையில் வைத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தலைவேலை தாமதமாகத்தான் திரும்பும். 1983-ல் எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களை 8, 16, 24 மாதங்கள் கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். திறமை நன்றாகவே குறைந்திருந்தது. எதில் குறைந்திருக்கிறது என்பதை அவர்களாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் விட்டது 18 வருஷம்.

நான் கவலைப்படுவது உங்கள் முதல் வகுப்பைப் பற்றி அல்ல. அன்றைக்குப் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருப்பார், நீங்களும் பயந்து பயந்து ஓட்டுவீர்கள். கையெழுத்து வாங்கியபின் வரும் ஆறு மாதம்தான் கவலை. லேண்டிங் அழகாக வருகிறது, நண்பர்கள் கேட்கிறார்கள், வானிலை கொஞ்சம் சுமார்தான் ஆனாலும் போகலாம் என்று தோன்றும். கைக்கு வந்த தைரியத்தை நம்பித் தலை சம்மதித்துவிடும். திரும்பி வந்தவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதனால் பயிற்சித் திட்டம் போடும்போதே ரிவ்யூவைத் தாண்டியும் போடுங்கள்.

பயிற்சிக்கு லிவர்மோர் விமான நிலையம் நல்ல இடம். பெரிய ரன்வே 5,253 அடி. பாலோ ஆல்டோவில் 2,443 அடிதான், அகலமும் 70 அடி. அங்கேதான் படித்தேன் என்று பாசம் இருக்கும், ஆனாலும் முதல் லேண்டிங்குகளை அங்கே வைக்க வேண்டாம். நீளமான ரன்வேயில், ஓடிப்போய் நிற்க இடம் இருக்கிறது என்ற நிம்மதியில், பார்வையை எங்கே வைப்பது என்பதை முதலில் மீட்டெடுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவர்கள் பெரும்பாலும் மூக்குக்கு நேரே உள்ள தரையைப் பார்ப்பார்கள். அதனால் உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டு, விமானம் தொப்பென்று விழும். பார்வை ரன்வேயின் கடைசியில் இருக்க வேண்டும். இதில் வயதின் பங்கும் இருக்கிறது. 35 வயதில் உங்களுக்குக் கண்ணாடி இருந்திருக்காது. இப்போது புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருந்தால், கீழ்ப்பாதி வழியாக ரன்வேயைப் பார்த்துவிட்டு உயரத்தைத் தப்பாகக் கணிக்க வாய்ப்பு உண்டு. கண் டாக்டரிடம் விமானத்தின் முன்பலகை மீட்டர்கள் கண்ணிலிருந்து இருக்கும் தூரத்தைச் சொல்லி, பறப்பதற்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்வது வீண் செலவில்லை.

லேண்டிங்கைவிட முக்கியம் லேண்ட் ஆகாமல் மேலே போவது. கோ அரவுண்ட். தூசி படிந்த பைலட்டுகள் இந்த முடிவைத் தள்ளிப்போடுவார்கள். வேகம் கூடிவிட்டது, ரன்வேயில் பாதி தாண்டிவிட்டது, இருந்தாலும் "இறக்கிவிடலாம்" என்று. முழுப் பவர் கொடுத்ததும், இறங்குவதற்காக டிரிம் பண்ணி (கை விட்டாலும் அந்த வேகத்தில் நிற்கும்படி சரிசெய்து) வைத்த விமானம் மூக்கைச் சடாரென்று தூக்கும். ஸ்டியரிங்கை முன்பக்கம் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், ஃபிளாப்பைப் படிப்படியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கோ அரவுண்டாவது சொல்லாமல் கொள்ளாமல் வைக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். அதேபோல, கடைசித் திருப்பத்தில் ரன்வேயைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் காலால் ரடரை (வாலில் உள்ள திருப்புத் தகட்டை) உதைத்து மூக்கை உள்ளே இழுக்கும் பழக்கம். தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில், அது நேரே ஸ்பின்னுக்கு, அதாவது சுழன்றபடி விழுவதற்கு, கூட்டிப்போகும். தாண்டிவிட்டதா, சரி, மேலே போய்ச் சுற்றி வாருங்கள்.

நீங்கள் விட்டுவிட்டுப் போன பிறகு மாறியவை பல. ரேடியோவில் முதலில் தடுக்குவது இதுதான்: ரன்வேயில் ஏறி நில் என்று சொல்ல அன்றைக்கு "பொஸிஷன் அண்ட் ஹோல்ட்" என்பார்கள். 2010 செப்டம்பர் 30 முதல் அது "லைன் அப் அண்ட் வெயிட்". அதே வருஷம் ஜூன் முதல் இன்னொன்று, இதைவிட முக்கியமானது. முன்பெல்லாம் ஒரு ரன்வேக்கு டாக்ஸி செய்ய, அதாவது தரையில் ஓட்டிப்போக, அனுமதி கொடுத்தால் வழியில் குறுக்கிடும் மற்ற ரன்வேக்களையும் கடக்கலாம். இப்போது ஒவ்வொரு ரன்வேயைக் கடக்கவும் தனித்தனியாக அனுமதி வேண்டும். உங்கள் கால் பழைய பழக்கத்தில் போய்க்கொண்டே இருக்கும். கோட்டுக்கு முன்னால் நிறுத்திக் கேட்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது லைவ்ஏடிசி தளத்தில் டவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாலே காதுக்குப் பாதி பழகிவிடும்.

ஏ.டி.எஸ்-பி என்ற கருவி 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தைச் சுற்றி 30 மைல் வட்டத்துக்குள் பறக்கும் விமானம் தன் இடத்தை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாலோ ஆல்டோ, சான் கார்லோஸ், ஹேவர்டு எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். இதனால் ஒரு லாபம்: பக்கத்தில் பறப்பவர்கள் உங்கள் டேப்லெட் திரையில் தெரிவார்கள். நஷ்டமும் அதுவே, திரையைப் பார்த்துக்கொண்டே ஜன்னலை மறந்துவிடுவோம். ஃபோர்ஃப்ளைட் போன்ற செயலி இல்லாமல் இன்றைக்கு யாரும் பறப்பதில்லை. வரைபடம், வானிலை, எடைக்கணக்கு, ஃப்ளைட் பிளான் எல்லாம் அதற்குள். அதை வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், மணிக்கு 200 டாலர் ஓடும் விமானத்தில் அல்ல. வானத்திலிருந்தே ரேடியோவில் கூப்பிட்டு வானிலை கேட்கும் ஃப்ளைட் வாட்ச் 2015-லேயே மூடிவிட்டது. செக்‌ஷனல் என்ற பைலட்டுகளின் அச்சு வரைபடம் முன்பு ஆறு மாதத்துக்கு ஒன்று, இப்போது 56 நாளுக்கு ஒன்று. அலமாரியில் வைத்திருக்கும் பழையதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

மிகக் குறைந்த வேகத்தில் பறக்கும் ஸ்லோ ஃப்ளைட் பயிற்சியை அன்றைக்கு, ஸ்டால் நெருங்குகிறது என்று எச்சரிக்கும் ஹாரன் அலற அலறச் செய்திருப்பீர்கள். 2016-க்குப் பிறகு ஹாரன் அடிக்காத வேகத்தில்தான் செய்யச் சொல்கிறார்கள். ஹாரன் அடித்தால் உடனே ஏதாவது செய்ய வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பழக்கக் கூடாது என்பது காரணம். எனக்கு இந்த மாற்றம் முழுச் சம்மதம். எரிபொருளிலும் மாற்றம் உண்டு. ரீட்-ஹில்வியூ, சான் மார்ட்டின் விமான நிலையங்களில் 2022 ஜனவரி முதல் 100எல்.எல். என்ற ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் விற்பதில்லை. சாண்டா கிளாரா கவுண்டியின் முடிவு அது. அங்கே இறங்கி எரிபொருள் போடுவதாக இருந்தால், கிடைக்கும் எரிபொருள் உங்கள் விமானத்துக்கு ஒத்துவருமா என்று கிளப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.ஓ.பி.ஏ. என்ற பைலட்டுகள் சங்கம் 2014 முதல் "ரஸ்டி பைலட்ஸ்" என்று உங்களைப் போன்றவர்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. இந்த மாற்றங்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அங்கே போனால் இன்னொரு நிம்மதி, அறை முழுக்க உங்களைப் போல நரைத்த தலைகளாக இருக்கும். இன்ஸ்ட்ரக்டர் மட்டும் பெரும்பாலும் இளவட்டம். உங்கள் பெரிய மகளைவிட இரண்டு வயது மூத்த பெண் வந்து உங்கள் ரடர் காலைத் திருத்தலாம். கூச்சப்படாதீர்கள், நவீனத் திரைகள் அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஆனால் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்: விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டா என்று. புது மாணவருக்குச் சொல்வதுபோல ஒன்றிலிருந்து ஆரம்பிப்பவரும் வேண்டாம், "உங்களுக்குத் தெரியாததா" என்று விட்டுவிடுபவரும் வேண்டாம்.

கையெழுத்து வாங்கியபின் உங்களுக்கென்று எல்லைகளை ஒரு தாளில் எழுதி, விமானப் பையில் வையுங்கள். முதல் ஆறு மாதத்துக்குக் குறுக்குக் காற்று 7 நாட்டுக்கு மேல் இருந்தால் போவதில்லை, மேகம் 3,000 அடிக்குக் கீழே இருந்தால் போவதில்லை, இரவில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் போவதில்லை. எண்கள் உங்கள் விருப்பம், எழுதி வைப்பது என் கட்டாயம். கடலோரத்து ஹாஃப் மூன் பே விமான நிலையத்துக்குப் பறந்துபோய்க் காலைச் சாப்பாடு நம் பகுதிப் பைலட்டுகளின் வழக்கம். கோடையில் கடல் மூடுபனி எப்போது உள்ளே வரும் என்று சொல்ல முடியாது. போகும்போது வெயில் அடிக்கும், சாப்பிட்டு முடிப்பதற்குள் ரன்வேயின் ஒரு முனை மறைந்திருக்கும். அப்படியானால் கார் கூப்பிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அந்தச் செலவுக்கு மனதளவில் தயாராக இருப்பவர்தான் ஹாஃப் மூன் பே போகலாம். இருந்தும், தெரியாமல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் மீட்டரை மட்டும் பார்த்து 180 டிகிரி திரும்பி வெளியே வரும் பயிற்சியை இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு அரை மணி நேரம் செய்துவிடுங்கள். டாஹோவுக்கு, அதாவது 6,000 அடி உயரத்து ரன்வேக்கு, முதல் கோடையில் வேண்டவே வேண்டாம். வெயிலில் அந்தக் காற்றில் 172 மூச்சு வாங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பறக்க முடியாவிட்டால், அடுத்த முறை இன்ஸ்ட்ரக்டரோடு மூன்று லேண்டிங் போட்டுவிட்டுத் தனியாகப் போங்கள்.

வீட்டம்மாவின் கேள்விக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்ல முயலாதீர்கள். காரைவிடப் பத்திரம் என்று சிலர் வீட்டில் அடித்துச் சொல்கிறார்கள். விமான கம்பெனி விமானங்களுக்கு அது உண்மை, சின்ன விமானத்துக்கு உண்மையில்லை. அவர் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, அந்த எல்லைத் தாளை அவரிடம் காட்டுங்கள். தாளில் உள்ளதை மீறினால் கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். தனியார் விமானம் ஓட்டுபவருக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனை சிலவற்றில் ஒளிந்திருக்கும். இருந்தால் பறக்கத் தொடங்குமுன் சரிசெய்யுங்கள், ஆபீஸ் குரூப் காப்பீட்டையும் சேர்த்து. இதைச் செய்து காட்டினாலே பாதி வாக்குவாதம் தணியும்.

பயணியோடு பறக்கச் சட்டப்படி கடந்த 90 நாளில் மூன்று டேக் ஆஃப், மூன்று லேண்டிங் போதும். மனைவியை அழைத்துப்போக அது போதாது. தனியாக 15 மணி நேரமாவது பறந்த பிறகு, காற்றில்லாத ஒரு காலையில், அரை மணி நேரத்துக்குள் முடியும் சுற்று. செங்குத்துத் திருப்பம் எதையும் காட்டி அசத்த வேண்டாம். ஹெட்செட்டில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே இருங்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று குறைவதுதான் புதியவர்களை அதிகம் பயமுறுத்தும். அவருக்கே ஆர்வம் வந்தால், பைலட் இல்லாத துணைவர்களுக்கு ரேடியோவும் அவசர லேண்டிங்கும் சொல்லித்தரும் வகுப்புகள் உண்டு. வராவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். குடும்பமே சேர்ந்து போகும் எண்ணம் இருந்தால் எடைக்கணக்கை மறுபடி போடுங்கள். 172-க்கு நாலு சீட் இருப்பது உண்மை, டாங்கை நிரப்பிக்கொண்டு நாலு பெரியவர்களை ஏற்றலாம் என்பது உண்மையில்லை. 2007-ல் பின்சீட்டில் இருந்த குழந்தை இப்போது உங்களைவிட உயரம்.

கடைசியாக அந்தக் கால் பங்கு. இப்போது வேண்டாம். ஆறு மாதம் கிளப் விமானத்தில் பறந்து, இது ஆசையா பழக்கமா என்று தெரிந்த பிறகு யோசியுங்கள். 1975 மாடல் என்றால் 172எம், 150 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின். நல்ல விமானம்தான். ஆனால் அந்த எஞ்சினுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷத்தில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது கம்பெனி. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அந்தச் செலவு இன்றைக்கு 30,000 டாலரைத் தாண்டும், கால் பங்கு உங்கள் தலையில். ஏ.டி.எஸ்-பி பொருத்தியிருக்கிறார்களா, ஒவ்வொரு வருஷமும் ஆன்யுவல் பரிசோதனை தவறாமல் நடந்திருக்கிறதா என்று லாக்புக்குகளைப் புரட்டுங்கள். பழைய செஸ்னாக்களில் சீட் தண்டவாளம் தேய்ந்து, டேக் ஆஃபில் சீட் பின்னால் வழுக்கிப்போய், கையோடு ஸ்டியரிங்கையும் இழுத்து விபத்தானதுண்டு. அதற்கென்றே கட்டாய ஆய்வு உத்தரவு இருக்கிறது, அது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எந்த 172-ல் உட்கார்ந்தாலும் சீட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினைத் தொடுங்கள்.

வாங்கும் கட்டம் வந்தால், வழக்கமாக அந்த விமானத்தைப் பார்க்கும் மெக்கானிக்கை விட்டு, வேறொருவரிடம் காசு கொடுத்து முழுதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நண்பர் என்பதால் எழுத்து ஒப்பந்தத்தைத் தவிர்க்க வேண்டாம். யார் எப்போது விலகலாம், எதிர்பாராத ரிப்பேருக்குப் பணம் எங்கிருந்து வரும், எல்லாம் தாளில் இருக்கட்டும். மற்ற மூன்று பங்குக்காரர்கள் எந்த நாளில் பறப்பவர்கள் என்றும் கேட்டு வையுங்கள். மூவரும் சனிக்கிழமை காலைக்காரர்கள் என்றால், உங்களுக்கு மிஞ்சுவது செவ்வாய்க்கிழமை மதியம்தான்.